ஒரே பேரில் இரண்டு பேர்

அலுவலகத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட மணி, வீட்டுக்கு வந்ததும் கேட்க மறுத்தது. பிள்ளைகளைப் பற்றி இப்படிச் சொல்வதுண்டு, மாப்பிள்ளைகளைப் பற்றியும் சொல்வதுண்டு. ஒரு மணியைப் பற்றிச் சொன்னால் சொன்னவளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மணி என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, நடுவில் பொத்தான், போர்வையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். படுக்கையில் கிடப்பவர் அமுக்கினால், பார்த்துக்கொள்கிறவரின் போன் அலறும். சின்னவள் வேலை பார்க்கிற கம்பெனி இதைத்தான் செய்து விற்கிறது. கம்பெனி என்பது மரியாதைக்குச் சொல்வது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, கீழே காற்றடிக்கும்போதெல்லாம் அதிர்கிற ஜன்னல், அவ்வளவுதான். பெட்டியை வேறு யாரோ செய்கிறார்கள். பெட்டிக்கு புத்தி சொல்லி எழுதுகிறவர்களில் ஒருத்தி சின்னவள்.

முன்பெல்லாம் அந்த மணிக்கு ஒரே ஒரு புத்திதான் இருந்தது. முதலில் பதிந்த நம்பர் எதுவோ அதைக் கூப்பிடும். பார்த்துக்கொள்கிறவர் ஊருக்குப் போனால் என்ன, தூங்கினால் என்ன, அவர் போனில்தான் அடிக்கும். "இன்னிக்கு யாரு பொறுப்பு" என்று வீட்டார் மாற்றிக்கொள்கிற வசதி வேண்டும் என்று அடம்பிடித்து, போன வாரம் அதை எழுதி முடித்தவள் இவள்தான். அந்த அடத்துக்குக் காரணம் இவள் வீட்டிலேயே இருந்தது.

அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தவள். அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட, வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். சின்னவள் ஊரின் மறுகோடியில் தனி அறை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வந்து போகிற விருந்தாளியாக இருந்தாள். இப்போது வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்று அக்காவைக் கூப்பிட்டிருக்கிறது. நாளைக் காலையில் போய் நிற்க வேண்டும். ஒரு மாதப் பயிற்சி, அதற்குப் பிறகு இந்த ஊர்க் கிளையிலேயே வேலை. போகாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு மாதத்துக்கு சின்னவள் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்தாயிற்று. சாயங்காலம் பஸ்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"நீ அந்தக் கம்ப்யூட்டர முறைச்சுக்கிட்டு உக்காந்தா, பக்கத்துல இடி விழுந்தாலும் உனக்குத் தெரியாது. அப்பா குரலோ இப்ப பத்தடி தாண்டாது. அவர் அமுக்கி, உன் போன்ல மணி அடிக்கிறத என் கண்ணால பாத்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்."

நியாயமான நிபந்தனைதான். சின்னவளுக்கு அதில் பயமே இல்லை. நேற்று அலுவலக மேசையில் சோதித்தபோது அவள் போன்தான் அலறியது. காலையில் மணியை அப்பாவின் போர்வையில் மாட்டிவிட்டு, அவர் காதருகே குனிந்து சொன்னாள்.

"அப்பா, இத அமுக்கினா நான் வருவேன். அக்கா இல்ல, நான். புரியுதா?"

அப்பா மணியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், தலையாட்டினார். இடது கைக் கட்டைவிரலால் அமுக்கினார். சமையலறையில் அக்காவின் போன் அலறியது.

அங்கிருந்துதான் வினை ஆரம்பித்தது. சின்னவள் கம்ப்யூட்டரில் பொறுப்பாளர் யார் என்று பார்த்தாள். அவள் பெயர்தான் இருந்தது. பக்கத்திலேயே "சோதித்துப் பார்" என்று ஒரு பட்டன். தட்டினாள். அவள் போன் அலறியது. சரி என்று அப்பாவை அமுக்கச் சொன்னால், அக்காவின் போன். மறுபடி சோதனை, இவள் போன். மறுபடி அப்பா, அக்கா போன்.

"மிஷினுக்கே தெரிஞ்சிருக்கு பாரு, கூப்பிட்டா யாரு வருவான்னு," என்றாள் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே.

விளையாட்டாகத்தான் சொன்னாள். சின்னவளுக்கு அது முள்ளாகக் குத்தியது. கூடத்து மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவின் அறைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அன்றைக்கென்று அப்பா அமுக்கிக்கொண்டே இருந்தார். அக்காவின் போன் அலறும், அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு ஓடுவாள். தண்ணீரா என்றால் தலையசைப்பு, இல்லை. புரட்டிப் படுக்க வைக்கட்டுமா, இல்லை. வாதம் வந்த நாளிலிருந்து அவருக்கு உருப்படியாக மிஞ்சிய ஒரே வார்த்தை "கண்ணு". அதைச் சொல்வார், சொல்லிவிட்டு இடது கண்ணைத் தேய்ப்பார். அக்கா அருகில் போய் இமையை விரித்துப் பார்ப்பாள்.

"கண்ணு உறுத்துது போல. செவந்துகூட இருக்கு," என்று சொட்டு மருந்தை எடுத்து விடுவாள். அவர் கையால் தட்டிவிடப் பார்ப்பார். "சின்னப்பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்கப்பா" என்று அதட்டல் கேட்கும். அக்கா திரும்பிச் சமையலறைக்கு வருவதற்குள் போன் மறுபடி அலறும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா பாதி அடுக்கிய பையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜிப் திறந்தபடி கிடந்தது.

"நான் போறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சுடி. அதான் விட மாட்டேங்குறார். இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிற மனுஷன விட்டுட்டு எப்படிப் போறது?"

"போய்த்தான் ஆகணும்க்கா. கொஞ்சம் பொறு, சரி பண்ணிடுறேன்."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்றே."

சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், ஆறிப்போன தேநீரைக் குடித்தாள், குட்டி போட்ட பூனை மாதிரி மேசையைச் சுற்றினாள். தான் எழுதியதை வரி வரியாகப் படித்தாள். எழுத்தில் ஒரு பிசகும் இல்லை. தப்பு இருந்தால் திருத்திவிடலாம். தப்பே இல்லாமல் தப்பாக நடப்பதை என்ன செய்ய?

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். அவள் கம்ப்யூட்டருக்கு எழுதுகிற மொழியில் மணி மாதிரி ஒரு பொருளைப் படைத்தால், அதற்கு இரண்டு விதமாகக் கொடுக்கலாம். பிறவியிலேயே செய்யத் தெரிந்த காரியம் ஒன்று. அதை மெத்தட் என்பார்கள். கையில் கொடுத்து வைக்கிற பெட்டி இன்னொன்று, அது ப்ராப்பர்ட்டி. பெட்டிக்குள் ஒரு நம்பரை வைக்கலாம், பெயரை வைக்கலாம், "இப்படிச் செய்" என்று ஒரு காரியத்தையே மடித்து வைக்கவும் செய்யலாம். சின்னவள் வைத்திருந்தது அப்படி ஒரு பெட்டிதான். உள்ளே "இன்று பொறுப்பில் இருப்பவளைக் கூப்பிடு" என்ற காரியம். பெட்டிக்கு அவள் வைத்த பெயர் 'கால்'. கூப்பிடுகிற கால், நடக்கிற கால் இல்லை.

தேடித் தேடிக் கடைசியில், பல மாதங்களுக்கு முன்னால் எழுதி யாரும் திறந்தே பார்க்காத ஒரு பழைய பக்கத்தில் அவள் கண்டுபிடித்தாள். மணிக்குப் பிறவியிலேயே ஒரு மெத்தட் இருந்தது. முதலில் பதிந்த நம்பரைக் கூப்பிடுகிற மெத்தட். அதற்கும் பெயர் 'கால்'.

ஒரே பெயரில் இரண்டு பேர். அந்த மொழி இதைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. பொத்தானை அமுக்கி "கால்" என்று கூப்பிட்டால் மெத்தட் ஓடி வருகிறது; பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சோதனைப் பட்டனோ பெட்டிக்குள் இருப்பதை வெளியே எடுத்து, வேறு பெயர் கொடுத்துக் கூப்பிட்டது. அப்போது அது சமர்த்தாக ஓடியது. நேற்று அலுவலகத்தில் அவள் தட்டிப் பார்த்ததும் அந்தப் பட்டனைத்தான்.

சரி, மெத்தட்டை எடுத்துவிட்டால் பெட்டிக்கு வழி கிடைக்கும் என்று அதை அழித்துப் பார்த்தாள். "கால் என்று ஒரு காரியமே இங்கே இல்லை" என்று திரையில் சிவப்பாக வந்தது. பெட்டி அங்கேயே, நிறைந்தபடி இருக்கிறது. ஆளை உள்ளே வைத்துக்கொண்டே வாசலில் நின்று ஆள் இல்லை என்று சொல்கிற வீட்டை அவள் பார்த்திருக்கிறாள். மொழியை இப்போதுதான் பார்த்தாள். அழித்ததைத் திரும்ப வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

பழைய பக்கத்தை எழுதியவன் கமா. அவனுக்கு வேறு பெயர் உண்டு. ஒரு முறை ஒரு கமாவை விட்டுவிட்டு நாள் முழுக்க ஆபீஸையே அலறவிட்டதால் அது போய் இது நிலைத்துவிட்டது. அவன் போனை எடுத்ததும் சின்னவள் கொட்டித் தீர்த்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு கமா. அதனாலதான் இவ்வளவும். என் ப்ராப்பர்ட்டி என் கைக்கு வரவே மாட்டேங்குது. முதல்ல பதிஞ்சது அக்கா பேருல இல்லியா, எல்லாம் அக்காவுக்கே போகுது."

அவன் ஏதோ சொன்னான்.

"இல்ல இல்ல, இன்னிக்கே முடிக்கணும். சாயங்காலம் அவ கிளம்பிடுவா. அதுக்குள்ள, அப்பா விரல வெச்சு ஒரு தடவ அமுக்கினாப் போதும், எனக்கு வந்துடணும்."

பின்னால் வாளி கீழே வைக்கிற சத்தம் கேட்டது. காயவைக்கிற துணியோடு அக்கா நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"எந்த ப்ராப்பர்ட்டி?"

"அய்யோ அக்கா, அது வந்து..."

"நான் இந்த வீட்டக் கேட்டேனா? ஒரு செங்கல்லு வேணும்னு கேட்டேனா? ரெண்டு வருஷமா இந்த மனுஷனுக்கு நான் துடைச்சு விட்டது வீட்டுக்காகன்னா நெனச்சே? நான் ஊருக்குப் போற நேரம் பாத்து, பேச முடியாத மனுஷன் விரலப் புடிச்சுப் பத்திரத்துல வெச்சு..." அக்கா கையிலிருந்த துணியை வாளிக்குள் எறிந்தாள். "அதான் வீட்டுக்கு வந்து உக்காந்தியா? நான் போகல. எங்கேயும் போகல."

போனுக்குள் கமா "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சிரித்தால் கொலை விழும் என்று தெரிந்து அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, சத்தியமா இது வீடு இல்ல. மணி. மணிக்குள்ள இருக்கிற ஒரு சமாச்சாரத்துக்குப் பேரு ப்ராப்பர்ட்டி. எவனோ வெள்ளைக்காரன் வெச்ச பேரு. விரல வெச்சு அமுக்குறதுன்னா பொத்தான."

"கத சொல்றியா?"

"வா, உக்காரு. காட்டுறேன்."

அக்கா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சின்னவள் மெத்தட் என்றாள், பெட்டி என்றாள், பிறவிக் காரியம் என்றாள். அக்காவின் முகம் இளகவில்லை. புரியாததை நம்ப அவள் தயாராக இல்லை. கடைசியில் சின்னவளுக்கு வேறு வழி தோன்றியது.

"நம்ம சின்ன வயசுல அப்பா நம்ம ரெண்டு பேரையும் என்னன்னு கூப்பிடுவார்?"

"கண்ணுன்னு."

"கூப்பிட்டா யாரு போவா?"

"நான்தான் போவேன். நீ என்னிக்கு எழுந்து போயிருக்கே?"

"அதேதான். ஒரே பேரு, ரெண்டு பேரு. கூப்பிட்டது என்னையா இருந்தாலும் நீ முந்திக்குவே. நான் இருக்கேன்னே யாருக்கும் தெரியாது. நீதான் மெத்தட். நான் பெட்டி."

அக்காவின் கைக்கட்டு கொஞ்சம் தளர்ந்தது. "அப்புறம் அவரே சொல்லுவாரே, 'நீ இல்ல, நீ வலது கண்ணு. எனக்கு இடது கண்ணு வேணும்'னு. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரும்பி வருவேன்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் மறந்தே போச்சுடி."

"அந்த மாதிரி 'இடது'ன்னு ஒரு வார்த்தைய இந்த மணிக்கும் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் அவன்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்."

போனில் கமா இன்னும் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"கால்ங்கிற பேரச் சுத்தி ஒரு பிராக்கெட் போடு," என்றான். "'முதல்ல பெட்டியில இருக்கிறத எடு, அப்புறம் கூப்பிடு'ன்னு அர்த்தம். மெத்தட் குறுக்க வராது. அப்புறம், அக்காகிட்ட சொல்லு, எனக்கு உங்க வீட்டு மேல எந்த ஆசையும் இல்லேன்னு."

இரண்டு வளைவுகள். நாள் முழுக்க உயிரை வாங்கியது அந்த இரண்டு வளைவுகள்தான். சின்னவள் போட்டாள், மணிக்கு அனுப்பினாள். மணியின் ஓரத்தில் இருக்கிற விளக்கு பச்சையாக மாறுகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்பாவின் அறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கூடத்துக்கு வந்து, இரண்டு போன்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

நாள் முழுக்க ஓயாமல் அமுக்கியவர் இப்போது அமுக்கவில்லை. சலித்துவிட்டாரோ என்னவோ. தெருவில் குழாய்க்காரர் ஒருவர் எதையோ தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், திறந்து கிடந்த பையைப் பார்த்தாள். சின்னவள் நகத்தைக் கடித்தாள்.

போன் அலறியது. அக்காவின் கை பழக்கத்தில் அவள் போனுக்குத்தான் போனது. அது அசையாமல் கிடந்தது. அலறியது சின்னவளுடையது.

"போ," என்றாள் அக்கா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "கண்ணு மருந்த எடுத்துக்கிட்டுப் போ. அதுக்குத்தான் கூப்பிடுவார்."

சின்னவள் மருந்துக் குப்பியோடு உள்ளே போனாள். கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு, மடித்த துண்டுகள், ஜன்னல் வழியாகப் போர்வைமேல் விழுந்த வெயில். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார், வேறு யாராவது வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை என்றதும் மறுபடி இவளைப் பார்த்தார்.

"கண்ணு," என்றார்.

"உறுத்துதாப்பா? இருங்க, மருந்து விடுறேன்."

குனிந்தவளின் கையை அவர் தட்டிவிட்டார். குப்பி கட்டிலில் விழுந்தது. இடது கையைத் தூக்கி, ஒரு விரலை இடது கண்ணின்மேல் வைத்தார். அந்த விரலை எடுத்து அவளை நோக்கி நீட்டினார். அவள் விழிப்பதைப் பார்த்து மறுபடி செய்தார்: இடது கண், அவள்.

சின்னவள் நிமிர்ந்தாள். சற்று முன்பு தன் வாயாலேயே சொன்ன கதை அவள் எதிரில் படுத்திருந்தது.

"நானாப்பா? இடது கண்ணா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது. இன்னொரு பாதியால் முடியாது.

காலையில் இவள்தான் சொன்னாள், அமுக்கினால் நான் வருவேன், அக்கா இல்லை, நான் என்று. அவர் நம்பினார். நம்பி அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் அக்கா வந்து நின்றாள். நீ இல்லை, இடது கண்ணு என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார், சொன்னதற்கெல்லாம் கண்ணில் மருந்து வாங்கியிருக்கிறார். இவளோ, அவர் தன்னைக் கூப்பிட ஒரு வழி செய்கிறேன் என்று ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பற்றி ஊரே சிரிக்கும். சின்னவளால் சிரிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய அந்த ஒரு விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"காலையிலேர்ந்து மருந்து ஊத்திக்கிட்டே இருந்திருக்கேனே," என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது. "அப்ப நீங்க என்னைக் கூப்பிடவே இல்லியாப்பா? விட மாட்டேங்குறீங்கன்னு நெனச்சேன். அவ்வளவு தடவ ஓடி வந்தேனே."

அப்பா சின்னவளின் பிடியிலிருந்து விரலை உருவிக்கொண்டார். வலது கை தூங்குகிற கை, அது எழாது. இடது கையையே முகத்தின் குறுக்கே மெதுவாகக் கொண்டுபோனார். கை மூக்கில் இடித்தது, நின்று மறுபடி நகர்ந்தது. கடைசியில் வலது கண்ணின்மேல் விரலை வைத்து, அங்கேயே வைத்திருந்தார்.

"கண்ணு," என்றார்.

பிறகு அந்தக் கையை நீட்டி, அக்காவைத் தாண்டி, கூடத்தில் வாய் திறந்து கிடந்த பையைக் காட்டினார்.

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள்.

"இன்னிக்கு இதுக்கு மேல இவருக்கு மருந்து விட்டுடாதே," என்று சின்னவளிடம் சொன்னாள். கூடத்துக்குப் போய், பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.